மானம்பாடி

அம்பத்தூர் எஸ்டேட்டிலிருந்து பூந்தமல்லி செல்லும் பேருந்தில், காக்கிச் சட்டை அணிந்த இரண்டு தொழிலாளர்கள் எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்தனர். ஒருவர் நூம்பல்காரர், மற்றவர் வானகரத்துக்காரர்; யார் ஊர் உசத்தி என்று தினமும் போல வாதாடிக்கொண்டிருந்தனர்.

“எங்க ஊரு தவள பிளேன்ல வெளிநாடு போய்கீது மச்சான். உங்க வானம்பாடி எங்க போச்சு?” என்றார் நூம்பல்காரர்.

“போனது காலு மட்டும்தான? வெள்ளக்காரன் துன்றதுக்கு வெட்டி ஐஸ்ல வச்சி அனுப்பியே காலி பண்ட்டாங்க. இதுல இன்னா பெரும?”

“மிச்சம் இன்னும் எங்க குட்டையில கத்திகினுதான் கீது. மழ வந்தா மஞ்சளா மாறி மாப்பிள்ள கணக்கா குந்தினு இருக்கும்.”

“வானம்பாடி எங்க ஊர்ல மானம்பாடி, மாமே. மானத்துல பாடும், மானத்தோட இருக்கும். எங்க தரிசுல மட்டும்தான் மிச்சம் கீது. நேத்து பிளாட்டுக்குக் கல்லு நட வந்தாங்க. தரையில முட்ட கீது, பொரிக்கட்டும்னு திருப்பி அனுப்பிட்டேன்.”

நூம்பல்காரர் அவர் பக்கம் திரும்பினார்.

“எங்க குட்டைய மூட நாளைக்கு மண்ணு லாரி வருது.”

“நீ சரின்னுட்டியா?”

“சொல்ட்டேன். இப்ப வேணாம்னு சொல்லப் போறேன். உன் குருவி இருந்து என் தவள இல்லேன்னா, தினம் இந்த பஸ்ல உன் பக்கத்துல எப்டி குந்துவேன்?”