மணிக்குள் புகுந்த நாய்

சிவாஜிநகர் போகும் பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் கழுத்தில் ஹெட்போன் தொங்கியது. அவர்தான் ஆரம்பித்தார். இருவரும் ஒருவரையொருவர் 'குரு' என்றே கூப்பிட்டுக்கொண்டார்கள்.

"கோயில் மணிக்குள்ள நாயைப் போட்டது நான்தான், குரு."

நான் பேப்பரை மடித்துவிட்டேன்.

"நீயா? ஸ்டுடியோவுல மூணு ரூமுக்கும் ஒரே கம்ப்யூட்டர்லருந்துதானே எல்லா சத்தமும் வருது!"

"மறந்துட்டேன். நாய் பிஸ்கட் விளம்பரத்துக்குக் குரைப்பு கேட்டாங்க. கீபோர்டுல கோயில் மணிச் சத்தம் இருந்த கட்டையில அதை வச்சு, பழைய பேர்லயே சேவ் பண்ணிட்டேன்."

"அதான் காலையில என் பக்திப் பாட்டுல, தீபாராதனை வர்ற இடத்துல லொள்ளுன்னுச்சா! பாட்டுக்குக் காசு போடுற பார்ட்டி வேற பக்கத்துலயே உக்காந்திருந்தார்."

"ஐயய்யோ. எந்திரிச்சுப் போயிட்டாரா?"

"எந்திரிச்சு நின்னு கன்னத்துல போட்டுக்கிட்டார். அது காலபைரவர் பாட்டு, குரு. சாமியோட வாகனமே வந்து குரல் கொடுத்துச்சுன்னு அழுதுட்டார். எட்டுப் பாட்டுலயும் அதே குரைப்பு வேணுமாம்."

"எல்லாரும் கத்துவீங்கன்னு பயந்து, மத்தியானமே மணியைத் திரும்ப வச்சுட்டு அதை அழிச்சுட்டேனே!"

"அப்போ அந்த நாயை மறுபடி கூட்டிட்டு வா."

"நாய் ஏது? மைக் முன்னாடி நான்தான் குரைச்சேன்."

அடுத்த ஸ்டாப்பில் மற்றவர் ஹெட்போன்காரரின் கையைப் பிடித்து இறக்கிக்கொண்டு போனார். ஸ்டுடியோவுக்குத் திரும்ப எதிர்ப்பக்க பஸ்ஸைப் பிடிக்க ரோட்டைத் தாண்டும்போது, ஹெட்போன்காரர் குரைத்துப் பார்க்க, அவர் சொன்னது ஜன்னல் வழியே கேட்டது:

"அவ்வளவு கோவமா வேணாம். கொஞ்சம் பக்தியா குரை."