பதினோராம் மாடியில் நிற்கிறவர்

"ஹலோ... றோய்? டேய், கடிதத்தைக் குடுத்திட்டியோ?... இல்லையோ? அப்பாடா! குடுக்காதை. நிப்பாட்டு!"

டோர்செட் பார்க் அடுக்குமாடியின் பதினான்காம் மாடியில், ஒற்றைக் காலில் சப்பாத்துடன், எலிவேற்றர் பொத்தானைக் குத்திக்கொண்டு நின்றான் பேனாட். கீழே, நிர்வாக அலுவலக வாசலில் அவன் கூட்டாளி றோய். றோயின் கையில் இருபத்திரண்டு பேர் கையெழுத்திட்ட கடிதம்.

"ஓம்... ஓமடா, நான்தான் எழுதினனான். அந்தக் கறுவலை வீட்டை விட்டு எழுப்பச் சொல்லி... ச்சீ, வாயில வருது பார். டெஸ்மண்ட். அந்தாளுக்குப் பேர் டெஸ்மண்ட்... இல்லை மச்சான், குடிக்கேல்லை! லைப்ரரிக் கூட்டத்தால இப்பதான் வந்தனான்... ஓம், உந்த நிறவெறியைப் பற்றிக் கதைக்கிற கூட்டந்தான். என்ர மனிசி ஜோசப்பின்தான் இழுத்துக்கொண்டு போனவள். வட்டமாக் கதிரை போட்டு, ஒருத்தர் கதைச்சு முடியுமட்டும் மற்றவை வாய் திறக்கக் கூடாதாம். பாத்தா, எனக்கு நேர முன்னால அந்தாள்!... சிரிக்காதை. கேள்."

எலிவேற்றர் இன்னும் நான்காம் மாடியிலேயே நின்றது.

"கடிதத்தில முதல் குற்றம் என்ன?... ஓமோம். எலிவேற்றர் வந்தாலும் ஏறாமல் நிண்டு ஆக்களை நோட்டம் பாக்கிறான்... ஜோசப்பின் தான் கண்டதைச் சொல்லித்தானே எழுதினனான்! டேய், உள்ளுக்க ஆரும் தனிய நிண்டால் அந்தாள் ஏறுறேல்லையாம். தன்னைக் கண்டு பயந்திடுவினமாம். அடுத்தது வருமட்டும் நிக்கிறவராம். ஆறு வருசமா, றோய்!... என்ன, நடிப்போ? அந்தாளுக்குக் கடிதத்தைப் பற்றியே தெரியாது. பிறகு ஆருக்கடா நடிக்கிறது?"

கதவு திறந்தது. பேனாட் பாய்ந்து ஏறினான். றோயின் குரல் விட்டுவிட்டுக் கேட்டது.

"எது?... கையெழுத்துப் போட்ட சனத்துக்கு என்ன சொல்லுறதோ? செபமாலை முடிஞ்ச கையோட, ரோல்ஸ் பலகாரத் தட்டுக்குப் பக்கத்தில வச்சு வாங்கின கையெழுத்து. ஆர் வாசிச்சவை? நீயே முழுக்க வாசிக்கேல்லை!... ஆர், மனேஜரோ? கையைப் பின்னால கொண்டு போடா!... வாங்கீட்டாவோ?... ஐயோ... பிரிக்கிறாவோ?"

எலிவேற்றர் பதினோராம் மாடியில் நின்றது. வாசலில் டெஸ்மண்ட், தோளில் வேலைப் பை. உள்ளே ஒற்றை ஆளைக் கண்டதும், பழக்கத்தில், ஒரு காலைப் பின்னால் வைத்தார்.

பேனாட் சப்பாத்தில்லாத காலைக் கதவுக்குள் நுழைத்தான்.

"நோ, நோ... கம், டெஸ்மண்ட். ப்ளீஸ்... றோய், அவவை வாசிக்க விடு. எழுதினவன் வாறான் எண்டு சொல்லு. அவ்வளவும் பிழை எண்டு நானே சொல்லுறன்... தனிய இல்லையடா. அவரும் வாறார். அவருக்கு முன்னாலதான் சொல்லப்போறன்... ஹலோ?... றோய்?... ஹலோ—"

டெஸ்மண்ட் ஏறினார். கதவு மூடிக்கொண்டது.