வலப்பக்கப் பையின் வார்

ஸ்போர்ட்ஸ் பைக்கில் நெடுந்தூரம் போகப் பை வாங்க வருகிறவர்கள் முதலில் நிறத்தைத்தான் பார்ப்பார்கள். நான் அவர்களைக் கடைக்கு வெளியே கூட்டிப்போய் வண்டியின் வாலைப் பார்க்கச் சொல்வேன். ஒல்லியாக, மேலே தூக்கி நிற்கும். பெட்டி மாட்டக் கம்பி கிடையாது. சைலன்சர் பக்கத்திலேயே கொதித்துக்கொண்டிருக்கும். அந்த உடம்புக்குத் துணிப் பைதான் சரி. கனமான சாமான் டேங்க் மேல், லேசானது பின்னால், வார்நுனி எதுவும் தொங்கக் கூடாது. லான்செஸ்டனில் பத்தொன்பது வருஷமாக இதைச் சொல்லித்தான் விற்கிறேன். என்னிடம் வாங்கிக் கட்டிக்கொண்டு போன வெளியாட்கள் ஒருவருக்கும் ஒன்றும் ஆனதில்லை.

நீங்கள் கேட்டது ப்ரியோனியின் பையைப் பற்றி. அதற்குத்தான் வருகிறேன், சார்ஜென்ட்.

அவளுக்கு ஒன்பது வயதிருக்கும்போது அவள் அம்மா டெவன்போர்ட் துறைமுகத்தில் கப்பலேறி, இந்தத் தீவை விட்டு அக்கரைக்குப் போனாள். "அங்க ஒரு வீடு பார்த்ததும் கூப்பிடுறேன்" என்றாள். கூப்பிடவில்லை. அதற்குப் பிறகு நானும் மகளும்தான். யாரிடமும் கேட்காமல் தலை பின்னக் கற்றுக்கொண்டேன். அவளுக்கு பைக் ஓட்டச் சொல்லிக்கொடுத்ததும் நான்தான்.

நர்ஸ் படிப்பு முடித்து இங்கேயே நாலு வருஷம் வேலை பார்த்தாள். போன பிப்ரவரியில் பெர்த்தில் வேலை கிடைத்தது. கப்பலில் அக்கரை ஜீலாங், அங்கிருந்து மரமில்லாச் சமவெளியைக் கடந்து மூவாயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர். தன் வண்டியிலேயே போவதாகச் சொன்னாள். அவள் கட்டிக்கொள்ள இருந்த ஆன்சல், இரண்டு மாதம் கழித்துப் போய்ச் சேர்ந்துகொள்வதாக ஏற்பாடு.

"விமானத்துல போயேன்மா. வண்டிய நான் ஓட்டிட்டு வரேன்."

"நீயா? உன் இடுப்பு ஜீலாங்கையே தாண்டாதுப்பா."

பை தேர்ந்தெடுக்க ஒரு சனிக்கிழமை முழுக்க ஆனது. குனிந்து உட்கார்ந்து ஓட்டுகிற வண்டி, டேங்க் பை வயிற்றை இடிக்கக் கூடாது. நாலு பைகளை வைத்துக் குனிந்து பார்த்தாள். பக்கப் பைகளை மாட்டியதும் தள்ளி நின்று, "ஐயோ, என் வண்டி புள்ளத்தாச்சி மாதிரி ஆயிடுச்சு" என்றாள். ஆன்சல் அதிகம் பேசாத பையன். அன்றைக்கு மட்டும், "உங்கப்பாவ விட்டா உன்னையும் உள்ள போட்டு ஜிப்பை இழுத்துடுவாரு" என்றான். மூன்று பேரும் சிரித்தோம்.

கிளம்புவதற்கு முந்தைய நாள் மதியம், கூட வேலை பார்த்தவர்களிடம் சொல்லிக்கொள்ளப் போயிருந்தாள். நான் சமையலறை மேஜையில் உட்கார்ந்து, வலப்பக்கப் பையை மடியில் வைத்துக்கொண்டேன். கீழ் வாரில் பன்னிரண்டு தையல். கடையில் தையல் பிரிக்கும் சின்னக் கத்தியால் ஒன்பதைப் பிரித்தேன். துணியில் ஒரு கீறல் விழவில்லை. என் கை சுத்தம்.

நான் நினைத்தது இவ்வளவுதான். அரை மணி நேரக் காற்றில் வார் விட்டுக்கொடுக்கும். பை சைலன்சர்மேல் சாயும். கருகல் வாடை வரும், வண்டியை ஓரம் கட்டுவாள், மாலைக் கப்பல் போய்விடும். "அப்பா, வந்து கூட்டிட்டுப் போ" என்று போன் வரும். வேனுக்கு டீசல் போட்டு வைத்திருந்தேன்.

மறுநாள் பைகளை ஆன்சல்தான் கட்டினான். மூன்று முறை சரிபார்த்தான். ப்ரியோனி ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு, "அப்பா, நீயும் ஒருவாட்டி இழுத்துப் பாரு. நீ சொன்னாத்தான் எனக்கு நிம்மதி" என்றாள். இழுத்துப் பார்த்தேன், மெதுவாக. "கச்சிதமா இருக்கு" என்றேன்.

அவள் போனதும் பூசணி சூப் வைத்தேன்.

துறைமுகம் போகும் வழியில், டெலோரெயின் தாண்டி ஒரு வளைவு. பின்னால் வந்த லாரிக்காரர் பார்த்திருக்கிறார். பை சரிந்தது, வார் பின்சக்கரத்துக்குள் போனது, சக்கரம் அப்படியே நின்றது. படங்கள் உங்களிடம் இருக்கின்றன. உங்கள் ஆட்கள் வந்து கதவைத் தட்டியபோது அடுப்பை அணைத்துவிட்டுத்தான் திறந்தேன். வார் சக்கரத்தில் மாட்டும் என்று எனக்குத் தெரியாதா என்று கேட்கிறீர்கள். தெரியும். வருகிறவர்கள் எல்லோரிடமும் சொல்வேன். அன்றைக்கு ஞாபகம் வரவில்லை. தெரிவது வேறு, ஞாபகம் வருவது வேறு.

அடக்கம் முடிந்ததும் ஆன்சல் என் கையைப் பிடித்துக்கொண்டான். "நான் சரியா கட்டலையா மெரிக்? நான்தானே கட்டினேன்?"

நான் பொய் எதுவும் சொல்லவில்லை. தோளில் கை வைத்து, "இப்ப அதெல்லாம் பேச வேணாம்" என்றேன்.

அதிலிருந்து ஞாயிறு தவறாமல் மதியச் சாப்பாட்டுக்கு வருகிறான். ஆட்டுத்தொடை சுடுவேன். அவள் நாற்காலியில் உட்காருவான். பாதியாக இளைத்துவிட்டான், வேலையையும் விட்டுவிட்டான். தட்டு கழுவும்போது அழுவான். நான் துண்டை எடுத்துக் கொடுப்பேன். இப்போதெல்லாம் என்னை அப்பா என்றுதான் கூப்பிடுகிறான். ஒருநாள், "என்னை எப்படிப்பா உங்களால மன்னிக்க முடிஞ்சுது?" என்று கேட்டான். அவன் தட்டில் இன்னொரு உருளைக்கிழங்கு வைத்தேன்.

போன வாரம் அவனாகவே உங்களிடம் வந்து, "நான்தான் அவளைக் கொன்றேன், என்னைத் தண்டியுங்கள்" என்று சொன்னதாகச் சொல்கிறீர்கள். அதனால்தான் அந்த வாரை மறுபடி வெளியே எடுத்துப் பார்த்தீர்கள். ஒன்பது தையல் அறுந்தவை அல்ல, பிரிக்கப்பட்டவை. சரியாகத்தான் பார்த்திருக்கிறீர்கள். பிரித்தது நான். வக்கீல் வேண்டாம். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். ஆன்சலிடம் இதைச் சொல்லாதீர்கள். இளகிய மனசு, தாங்க மாட்டான். தன்மேல் தப்பில்லை என்று தெரிந்துவிட்டால், அவனும் என்னை விட்டுப் போய்விடுவான்.