லால்பேட்டை வீட்டு மோடம்

நாலு மணி இருக்கும். சேத்தியாத்தோப்பு தாண்டி, வீராணம் ஏரிக்கரை மேல் ஒரே ஒரு பைக். ஒரு பக்கம் ஏரி. இன்னொரு பக்கம் பள்ளத்தில் வயல். மழை விட்டிருந்தது. தவளைச் சத்தம் மட்டும்... பைக் கிட்டே வந்தால் நிற்கும், தாண்டிப் போனதும் பின்னால் மறுபடி ஆரம்பிக்கும்.

பைக்கில் போனவர் பிரிசில்லாவின் மாமா. பெயர் சேரன். கடலூர் மஞ்சக்குப்பத்தில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருந்தார்.

பிரிசில்லா இதைச் சொன்னபோது சிதம்பரத்தில் கரண்ட் இல்லை. வெளியே புயல் மழை. ஹாஸ்டல் பெண்கள் கட்டில்களை ஒன்றாக இழுத்துப் போட்டு, ஒரே போர்வைக்குள் கால்களை நுழைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். செல்போன் வெளிச்சத்தையும் அணைக்கச் சொல்லிவிட்டுத்தான் ஆரம்பித்தாள். மாமாவே அவளிடம் சொன்னதாம். ஒரே ஒரு தடவைதான் சொன்னாராம்.

வீடியோ கால் எல்லாம் வராத காலம் அது. வெளிநாட்டில் இருப்பவரோடு பேச வேண்டுமென்றால் வீட்டு டெலிபோன் ஒயரைக் கம்ப்யூட்டரில் மாட்ட வேண்டும். உள்ளே இருக்கும் மோடம் கார்டு கீச்சென்று கத்தி, நெட்டுக்குள் போகும். அப்புறம் மைக்கில் பேசலாம். போன் பில்லை விட மலிவு.

லால்பேட்டை இம்தியாஸ் சவுதிக்குப் போகும்முன் சேரன் கடையில்தான் கம்ப்யூட்டர் வாங்கினான். புதுப் பெண்டாட்டி தஸ்னீமுக்காக. ஒருநாள் அங்கிருந்து கடைக்குப் போன் செய்தான்.

"அண்ணே, நம்ம வீட்டு சிஸ்டத்துல மோடத்துக்கும் சவுண்ட் கார்டுக்கும் ஒத்துக்கல. சாயங்காலம் ஆனா தஸ்னீம் லைன்ல வர்றா. நான் பேசி முடிக்கிற வரைக்கும் லைன்லயே இருக்கா. ஆனா அவ பேசறது மட்டும் எனக்கு வரல. ஒரே ஒரு தடவயாச்சும் அவ குரலக் கேக்கணும்ணே. போய்ப் பாத்துட்டு வாங்களேன்."

குரல் என்னவோ போல் இருந்தது. பெண்டாட்டியைப் பிரிந்த ஏக்கம் என்று சேரன் மனதுக்குள் சிரித்துக்கொண்டார்.

வேலை அவருக்குப் புதிதில்லை. கம்ப்யூட்டருக்குள் சொருகும் ஒவ்வொரு கார்டுக்கும் ஓர் எண் விழும். கார்டு தன் எண்ணைச் சொல்லித்தான் கம்ப்யூட்டரைக் கூப்பிடும். சில சமயம் இரண்டுக்கும் ஒரே எண் விழுந்துவிடும். கூப்பிட்டது யாரென்று கம்ப்யூட்டர் குழம்பிப்போகும். ஒன்று வேலை செய்யும், இன்னொன்று ஊமையாகிவிடும். எல்லாக் கார்டையும் கழற்றிவிட்டு, ஒவ்வொன்றாக இடம் மாற்றிச் சொருகிப் பார்க்க வேண்டும். அவ்வளவுதான்.

கதவைத் திறந்தது இம்தியாஸின் அம்மா அஜீசுன்னிசா. தோளில் கைக்குழந்தை. விஷயத்தைக் கேட்டதும் அப்படியே நின்றுவிட்டார்.

"கம்ப்யூட்டரா? அத இப்ப யாரு தம்பி தொடப் போறா?"

சேரனுக்குப் புரியவில்லை. மருமகள் தினமும் பேசுவதாகப் பையன் சொன்னதைச் சொன்னார்.

"தஸ்னீம் மவுத்தாயிட்டா தம்பி. ஆடி மாசமே அடக்கம் பண்ணியாச்சு. இவளப் பெத்துப் போட்டா... மூஞ்சியக்கூட பாக்கல."

இம்தியாஸால் வர முடியவில்லையாம். பாஸ்போர்ட் முதலாளி கையில். அவன் கும்பிட்டுக் கேட்டும் கொடுக்கவில்லை. மையத்து முகத்தையும் பார்க்கவில்லை, ஒரு பிடி மண்ணும் போடவில்லை. பையனுக்குப் புத்தி பேதலித்துவிட்டதோ என்று அஜீசுன்னிசா குழந்தையின் முதுகைத் தட்டிக்கொண்டே கேட்டார். சேரன் திரும்பிப் போய்விடலாம் என்றுதான் நினைத்தார். ஆனால் போனில் அவன் கெஞ்சியது காதிலேயே இருந்தது. சரி செய்துவிட்டதாகச் சொன்னால் அவன் மனமாவது ஆறும். அறையைத் திறந்துவிடச் சொன்னார்.

ஆடியிலிருந்து பூட்டிக் கிடந்த அறை. உள்ளே புழுக்கம். அதற்குள்... ஈர மருதாணி வாசனை. இப்போதுதான் அரைத்து வைத்த மாதிரி.

டெலிபோன் ஒயர் சுவரோரம் சுருட்டிக் கிடந்தது. காற்றில் வெளியே கம்பி அறுந்து விழுந்து, யாரும் புகார் கொடுக்கவில்லையாம். கரண்ட் பிளக்கையும் பிடுங்கிப் போட்டிருந்தார்கள். கீபோர்டின் மேல் விரல் வைத்தால் தடம் பதியும் அளவுக்குத் தூசி. சேரன் கழற்றுவதற்காகப் பெட்டியின் மேல் கை வைத்தார்.

சூடாக இருந்தது.

ராத்திரியெல்லாம் ஓடின பெட்டி இருக்குமே, அந்தச் சூடு. கையை எடுத்துவிட்டார். அஜீசுன்னிசாவிடம் சொல்லவில்லை.

உள்ளே பார்த்தால், யாரோ கார்டுகளைக் கழற்றிக் கழற்றிச் சொருகியிருக்கிறார்கள். ஸ்குரூ தொலைந்துபோய், மோடம் கார்டைக் கொண்டை ஊசியால் கட்டி நிறுத்தியிருந்தது. ஊசியில் ஒரு நீள முடி. தஸ்னீம் பி.எஸ்ஸி. படித்தவள். நிறைமாதத்தில் தரையில் உட்கார முடியாமல் உட்கார்ந்து, இம்தியாஸ் லைனில் சொன்னதைக் குறித்துவைத்துக்கொண்டு அவளேதான் திறந்து பார்ப்பாளாம். அஜீசுன்னிசா சொன்னார். தன் குரல் அவனுக்குக் கேட்க வேண்டுமென்று. கடைசி வரைக்கும் சரியாகவில்லை.

அவள் செய்த தப்பு சேரனுக்கு உடனே தெரிந்தது. இரண்டு கார்டையும் மாற்றி மாற்றி அதே இரண்டு ஸ்லாட்டுக்குள்தான் போட்டிருக்கிறாள். அந்த இரண்டுக்கும் எத்தனை முறை மாற்றினாலும் ஒரே எண்தான் விழும். மூன்றாவது ஸ்லாட் சும்மாவே இருந்தது. அதை மூடியிருந்த தகடு கெட்டி. கர்ப்பிணி கையால் பிடுங்கியிருக்க முடியாது.

குறட்டால் தகட்டை உடைத்தார். மோடத்தை அங்கே மாற்றினார். பிளக்கைப் போட்டு ஆன் செய்தார். திரையில் கோளாறு காட்டும் மஞ்சள் ஆச்சரியக்குறி போய்விட்டது. ஸ்பீக்கர் வேலை செய்தது. மைக்கில் ஊதிப் பார்த்தார். சத்தத்தின் அளவைக் காட்டும் பச்சைக் கோடுகள் எழுந்து அடங்கின.

பாங்கு சொல்லும் சத்தம் கேட்டது. குழந்தையைத் தூளியில் போட்டுவிட்டு அஜீசுன்னிசா மக்ரிப் தொழ உள்ளே போனார். இனி டெலிபோன் லைன் வந்தால்தான் மீதியைப் பார்க்க முடியும். சேரன் ஸ்குரூ டிரைவரை எல்லாம் பைக்குள் போட ஆரம்பித்தார்.

டொய்ங்... டிக் டிக் டிக் டிக்.

மோடம் டெலிபோன் எண்ணைச் சுழற்றுகிறது.

அப்புறம் அந்தக் கீச்சு. நீளமாக. அதன் பின்னால் கர்ர்ர் என்று மணல் சரிகிற மாதிரி.

"ஒயரு மாட்டியிருப்பாரு. மறந்திருப்பாரு" என்றாள் போர்வைக்குள்ளிருந்து ஜெயராணி.

"அதத்தான்டி மாமாவும் பாத்தாரு. ஒயரு அவரு கால்கிட்டயே சுருட்டிக் கெடக்குது."

யாரும் சிரிக்கவில்லை. மழை ஜன்னலை அடித்துக்கொண்டிருந்தது.

கீச்சு நின்றது. ஸ்பீக்கரில் இம்தியாஸ் குரல்.

"தஸ்னீம்... இருக்கியா புள்ள?"

சேரன் திரைப் பக்கம் நகர்ந்தார். நான் சேரன் பேசறேன் என்று சொல்ல வாயைத் திறந்தார். அதற்குள் திரையில் பச்சைக் கோடுகள் எழுந்தன. ஒருவர் பேசினால் எப்படி எழும்... எழுந்து, இறங்கி, மூச்சு வாங்க நின்று, மறுபடி எழுந்து. அறையில் பொட்டுச் சத்தம் இல்லை. மைக்குக்கு முன்னால் யாரும் இல்லை. மருதாணி வாசனை மட்டும் கூடிக்கொண்டே வந்தது.

அந்தப் பக்கம் இம்தியாஸ் அழ ஆரம்பித்தான்.

"கேக்குது... கேக்குது புள்ள. நல்லா கேக்குது. நீ பேசு, நீ பேசு."

கோடுகள் எழுந்தன. அடங்கின.

"ம்... சாப்பிட்டேன். இல்ல, மெலியல. யாரு சொன்னா?" அழுகைக்கு நடுவே சிரித்தான். "ஒடம்பு வலி இருக்கா இன்னும்?... இருட்டா இருக்கா? அது ஏன்னு எனக்குத் தெரியல புள்ள."

அவள் தரப்பை சேரனால் கேட்க முடியவில்லை. பாதிப் பேச்சுதான் அவருக்கு. எழுந்து வெளியே போய்விடலாம் என்று பார்த்தார். அடுத்தவர் வீட்டுப் படுக்கையறையில் நிற்கிற கூச்சமும், பயமும், இரண்டும் சேர்ந்து அவரை அங்கேயே கட்டிப் போட்டுவிட்டன.

தொழுகை முடித்து வந்த அஜீசுன்னிசா மகன் குரலைக் கேட்டு வாசலில் நின்றார். திரையைப் பார்த்தார். வெறும் நாற்காலியைப் பார்த்தார். கத்தவில்லை. நிலையைப் பிடித்துக்கொண்டே மெல்ல உட்கார்ந்தார்.

"இம்தியாசு... அவகிட்ட சொல்லுப்பா. புள்ளைக்குப் பேரு வச்சாச்சுன்னு சொல்லு. அவ ஆசப்பட்ட பேருதான். ஷாசியான்னு."

இம்தியாஸ் சொன்னான். கோடுகள் அசையவே இல்லை. வெகுநேரம். அப்புறம் சின்னதாக ஒரு துடிப்பு.

"சிரிக்கிறாம்மா" என்றான்.

அப்புறம் அவன் பேசியதெல்லாம் ஒரே பதில்தான். திரும்பத் திரும்ப. "வந்துடறேன் புள்ள. லீவு கேட்டிருக்கேன். இல்ல, பொய் இல்ல. உன் பக்கத்துலயே வந்துடறேன்." ஒவ்வொரு முறையும் கோடுகள் அதே மாதிரி எழுந்தன, அதே இடத்தில் நின்றன. ஒரே கேள்வியைத்தான் அவள் கேட்டுக்கொண்டிருந்தாள்.

லைன் தானாக அறுந்தது. வாசனையும் போனது.

அஜீசுன்னிசா தரையிலிருந்து எழவில்லை. "நாளைக்கும் வருவாளா தம்பி?" என்று மட்டும் கேட்டார். சேரன் பெட்டியை மூடினார். கார்டை இனி யாரும் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தார். தொழில் தெரிந்தவர் சொல்லக்கூடியது அது ஒன்றுதான்.

அவள் தினமும் வந்தாள். பொழுது சாய்ந்ததும் அந்த வீட்டில் மோடம் கீச்சிடும். அஜீசுன்னிசா குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு அறை வாசலில் உட்கார்ந்திருப்பாராம். இம்தியாஸ் அங்கே வேலை முடிந்ததும் ரூமுக்கு ஓடுவானாம். ஏக்கத்தில் சாகக் கிடந்தவன் தேறிவிட்டதாக அம்மாவிடம் சொன்னானாம். ஆனால் அவள் அந்தக் கேள்வியை விடவில்லை. எப்ப வர்றீங்க மச்சான்... எப்ப வர்றீங்க.

கடைசியில் யார் யார் காலிலோ விழுந்து லீவு வாங்கிவிட்டான்.

வந்ததும் தஸ்னீமை அடக்கம் செய்த கபரஸ்தானுக்குப் போனான். அங்கே ரொம்ப நேரம் இருந்தான். வீட்டுக்கு வந்து, மகளை மடியில் வைத்துக்கொண்டு, ஹெட்போன் மாட்டிக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தான். பொழுது சாய்ந்தது. மோடம் வாய் திறக்கவில்லை. மறுநாளும் இல்லை. அதற்கு மறுநாளும் இல்லை.

சேரனை வரச் சொன்னான். சேரன் திறந்து பார்த்தார். எல்லாம் சரியாக இருந்தது. மஞ்சள் குறி இல்லை. இரண்டு கார்டையும் துடைத்து, அதே ஸ்லாட்டில் மறுபடி சொருகினார். பெட்டியைத் தொட்டுப் பார்த்தார்... சில்லென்று இருந்தது.

"நான் ஏதாச்சும் தப்பாப் பேசிட்டேனாண்ணே?" என்று இம்தியாஸ் கேட்டான். தாடிக்குள் கண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது. "வந்துடறேன்னு சொன்னேன். வந்துட்டேனே..."

சேரன் அவன் தோளில் கை வைத்தார். வேறென்ன செய்ய?

அப்போது இம்தியாஸின் செல்போன் அடித்தது. சவுதியிலிருந்து சபாபதி. பெண்ணாடத்துக்காரர். இம்தியாஸ் கிளம்பின பிறகு அந்த ரூமுக்குப் புதிதாகக் குடிவந்தவர். தஸ்னீம் இறந்ததெல்லாம் அவருக்குத் தெரியாது. இம்தியாஸ் போனை ஸ்பீக்கரில் போட்டுக் கீழே வைத்தான்.

"பாய், கோச்சிக்காதீங்க. தெனம் சாயங்காலம் உங்க கம்ப்யூட்டரு தானா ஆன் ஆவுது. அண்ணி லைன்ல வந்து உங்களக் கேக்குறாங்க. இன்னிக்கித்தான் தைரியம் வந்து பேசுனேன். என்ன அண்ணி, பாய் ஊருக்கு வந்து மூணு நாளாச்சே, உங்க பக்கத்துலதான இருக்காருன்னேன்."

இம்தியாஸ் போன் பக்கம் குனிந்தான். "என்ன சொன்னா?"

"இங்க யாரும் வரலியே, தலைக்கு மேல பலகதான் இருக்குன்னாங்க. ஏன் பாய், அண்ணியப் பரணுக்குக் கீழயா படுக்க வச்சிருக்கீங்க?"

சேரனுக்கு அது புரியவில்லை. அஜீசுன்னிசா முந்தானையை வாய்க்குள் திணித்துக்கொண்டதைப் பார்த்துத்தான் பயந்தார். திரும்பி வரும் வழியில், லால்பேட்டை எல்லையில் டீ குடிக்கும்போது கடைக்காரரிடம் பேச்சுவாக்கில் கேட்டார்.

கபர்க் குழியில் உடலை இறக்கியதும் மேலே நெருக்கமாகப் பலகை அடுக்குவார்களாம். மண் விழுவது அதன் மேல்தானாம்.