மூன்றாவது சிலிண்டர்

மதியம் மூன்று மணி. நடுராத்திரி இல்லை. நடுராத்திரியில் வருவதெல்லாம் ஷிப்ட் முறையில் வேலை பார்க்கிற பேய். இது அந்த ரகம் இல்லை. பட்டப்பகல்... நேரான சாலை... இரண்டு பக்கமும் வீடு இல்லை, ஆள் இல்லை, போன் சிக்னல்கூட விட்டு விட்டுத்தான்.

நம் மாடி அறைக் குண்டன் இருக்கிறானே, அவனுடைய பெரியம்மா மகன் ஒரு மெக்கானிக். அந்த மெக்கானிக்கின் தங்கையும் அவள் புருஷனும்தான் காரில் வந்துகொண்டிருந்தார்கள். வேறு யாரோ ஓட்டிய காரை அப்போதுதான் வாங்கியிருந்தார்கள். ஆனால் வசதிக்குக் குறைவில்லை. பின் சீட்டில் ஒரு பையை வைத்தால்கூட ‘பெல்ட் போடு’ என்று விளக்கை எரியவிட்டுக் கீச் கீச்சென்று கத்தும். பெல்ட்டை ‘க்ளக்’கென்று மாட்டினால்தான் வாயை மூடும்.

தங்கைக்கு நிறைமாதம். மாப்பிள்ளை ஓரமாக ஒதுங்குவதற்காக வண்டியை நிறுத்தி இன்ஜினை அணைத்தார். அப்போதுதான் கேட்டது.

டொக்... டொக்... டொக்.

பானெட்டுக்குள் இருந்து.

சூடான இன்ஜின் ஆறும்போது லேசாக டிக் டிக் என்று சத்தம் வரும், எல்லாருக்கும் தெரியும். இது அப்படி இல்லை. மூன்று தட்டு... ஓர் இடைவெளி. கதவைத் தட்டிவிட்டு, திறக்கிறார்களா என்று பார்ப்பார்களே... அந்த இடைவெளி. மாப்பிள்ளை வந்த வேலையை முடிக்காமலே வண்டியை எடுத்தார்.

அண்ணன் ஷெட்டுக்கு வந்து சேர்ந்தபோது பின்னால் நீலப் புகை வேறு.

“ஓடுறப்போ தட்டுதா மாப்ள?”

“இல்ல மச்சான். ஆஃப் பண்ணினாத்தான் தட்டுது.”

“ஆஃப் பண்ணின வண்டி எப்படித் தட்டும்? உங்க நெஞ்சு அடிச்சிருக்கும், நல்லாக் கேட்டுப் பாருங்க.”

“கிண்டல் பண்ணாதீங்க மச்சான். ஆஸ்பத்திரி அந்த ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கு. வலி எடுத்த நேரத்துல இது பாதியில நின்னா நான் என்ன பண்ணுவேன்?”

மெக்கானிக்கின் சிரிப்பு நின்றுவிட்டது. இருவரையும் ஷெட்டு மாடியில் தங்கவைத்துவிட்டு, இன்ஜினைப் பிரிப்பது என்று முடிவு செய்தான்.

அவனுக்கு ஒரு வழக்கம் உண்டு. ஏன் கெட்டது என்று தெரியாமல் எந்தப் பாகத்தையும் மாற்றமாட்டான். பிஸ்டன் பக்கவாட்டில் உரசியிருந்தால் ஆயில் பற்றவில்லை. தலையில் உருகியிருந்தால் சூடு மீறியிருக்கிறது. சிலிண்டருக்கு மட்டும் அவன் நம்புவது தன் கட்டைவிரல் நகத்தை. கண்ணை மூடிக்கொண்டு உள்சுவரைச் சுற்றி ஓட்டுவான். நகம் மாட்டினால் கீறல் ஆழம். மாட்டாவிட்டால் பிழைத்தது.

மறுநாள் காலை, இன்ஜினின் மேல்மூடியான சிலிண்டர் ஹெட்டைக் கழற்றித் தூக்கினான். இடையில் ஒட்டியிருந்த கேஸ்கட் தகடு விட்டு வரும்போது... ‘உஸ்ஸ்’ என்று ஒரு மூச்சு. ராத்திரி முழுக்க ஆறிக் கிடந்த இன்ஜின். காற்று அடைபட்டிருக்க வழியே இல்லை. அப்புறம் ஒரு வாசனை. கருகிய ஆயில் இல்லை. சோப்பு. இப்போதுதான் குளித்துவிட்டு யாரோ பக்கத்தில் வந்து நிற்கிற மாதிரி...

திரும்பிப் பார்த்தான். யாரும் இல்லை. (போர்வையை இழுக்காதே, எனக்கும் குளிருகிறது.)

ஒன்று, இரண்டு, நான்கு... இந்த மூன்று சிலிண்டரிலும் பிஸ்டன் ரிங்குகள் தேய்ந்திருந்தன. புகைக்குக் காரணம் அதுதான். மிச்சமிருந்த மூன்றாவது சிலிண்டரில் நகத்தைச் சுற்றி ஓட்டினான். மாட்டவில்லை. அப்பாடா என்று விரலை மேலே இழுத்தான்.

டிக்... டிக்... டிக்... டிக்.

டார்ச் அடித்துப் பார்த்தான். நான்கு கீறல்கள். குறுக்குவாட்டில். பிஸ்டனுக்கு மேலே போகத் தெரியும், கீழே வரத் தெரியும். ஆசைப்பட்டாலும் அதனால் குறுக்கே கீற முடியாது.

ஹெட்டைப் புரட்டினான். மூன்றாவது சிலிண்டருக்குக் கூரையாக இருந்த இடத்தில் கரி அப்பியிருந்தது. அந்தக் கரியில் நான்கு வட்டங்கள் மட்டும் பளிச்சென்று... வரிசையாக. கையை மடக்கி விரல் முட்டிகளை அதன் மேல் வைத்தான். வரிசை பொருந்தியது. அளவுதான் பொருந்தவில்லை. அவன் கையைவிடச் சிறிய கை.

தங்கை வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தாள்.

“என்னண்ணா, மூஞ்சி இப்படிப் போகுது? தேறுமா, தேறாதா?”

“உன் வீட்டுக்காரரே தேறிட்டாரு, இது தேறாதா?”

அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவனும் சிரித்துக்கொண்டே மண்ணெண்ணெய்த் துணியால் அந்தக் கரியைத் துடைத்து எடுத்தான். பிறகு தொழிலுக்கு வந்ததிலிருந்து செய்யாததைச் செய்தான். காரணம் தெரியாமலே மாற்றினான். சிலிண்டரின் உள்சுவரான லைனர் புதுசு, புது பிஸ்டன், புது ரிங்.

மூன்றாம் நாள் வேலை முடிந்து ஸ்டார்ட் செய்தபோது, ஓடுகிறதா என்று தொட்டுப் பார்க்க வேண்டியிருந்தது. அணைத்தான். மூன்று பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பானெட்டையே பார்த்தார்கள்.

ஒரு தட்டும் இல்லை.

மாப்பிள்ளை கையெடுத்துக் கும்பிட்டார். மச்சானையா, இன்ஜினையா, தெரியவில்லை. இருட்டுவதற்குள் வீடு போய்ச் சேருங்கள் என்று மெக்கானிக் அவர்களை மதியமே அனுப்பிவைத்தான்.

கார் போன பிறகு கை கழுவ சோப்பை எடுத்தான். அப்போதுதான் உறைத்தது. ஹெட்டைத் தூக்கிய நாளிலிருந்து ஷெட்டைவிட்டுப் போகாத அந்த வாசனை... இப்போது இல்லை.

அது தட்டியது திறக்கச் சொல்லி. திறந்தவன் அவன்தான்.

ஈரக் கையோடு போனை எடுத்துத் தங்கையைக் கூப்பிட்டான். மணி மூன்று.

“எங்க இருக்கீங்க?”

“அதே ரோடுதான்ணா. வண்டியில சத்தமே இல்ல. ஆமா, உள்ள என்ன தெளிச்ச? கமகமன்னு இருக்கு.”

அவன் எதுவும் தெளிக்கவில்லை.

கீச்... கீச்... கீச்...

“அது என்ன சத்தம்?”

“பின் சீட்டு பெல்ட் லைட்டு. இப்பத்தான் கத்த ஆரம்பிச்சுது.”

“பின்னாடி என்ன வச்சிருக்கே?”

“ஒண்ணும் வைக்கலண்ணா. பைகூட என் கால்கிட்டதான்...”

சிக்னல் கரகரத்தது. கீச்... கீச்... அப்புறம், ‘க்ளக்’.

கீச் சத்தம் நின்றது.

“விடுண்ணா... தானா சரியாயிடுச்சு.”