மெத்தை அணியின் மூத்த அக்கா

உங்கள் போலீஸ் நிலையத்துக் காப்பி நன்றாகவே இருக்கிறது, அதிகாரி. எங்கள் விடுதியில் தருவது பாத்திரம் கழுவிய தண்ணீர் போல இருக்கும்.

என் பெயர் வி ஹியாங்-மி. பள்ளியை முடித்த கையோடு காங்னங் கூடைப்பந்து அணிக்கு வந்துவிட்டேன். அணி ஒரு மெத்தைக் கம்பெனியுடையது. சட்டை முதுகில் என் பெயருக்குக் கீழே 'நிம்மதியான தூக்கம்' என்று அச்சடித்திருக்கும். நாங்கள் தோற்றால் எதிரணி ரசிகர்கள் அதைப் பார்த்துக் கொட்டாவி விட்டுக் காட்டுவார்கள். அதையும் போட்டுக்கொண்டு பதினாறு வருஷம் ஓடினேன்.

எனக்கு உயரம் போதாது. இந்த ஆட்டத்தில் குள்ளமாக இருப்பது கறி விருந்தில் பல் இல்லாமல் உட்கார்வது போல. அதனால் பந்தைத் தட்டிக்கொண்டு வந்து மற்றவர்களுக்குப் பிரித்துக் கொடுப்பவள் ஆனேன். அந்த இடம் அணிக்கு ஒன்றே ஒன்றுதான். அதை நீங்கள் புரிந்துகொள்ள வேண்டும்.

அந்த இடத்துக்கு எனக்குப் போட்டியாக முதலில் வந்தவள் பாங் ஏ-ரா. பயிற்சியாளர் பியோன் சாப்பாட்டு மேஜையில் எல்லோர் முன்னாலும் சொன்னார்: "ஹியாங்-மி, இந்தப் பொண்ணுக்குக் கொஞ்சம் வழி விடேன். உன் முட்டியும் தேஞ்சு போச்சு."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்து, அவர் தட்டில் நல்ல கறித்துண்டாகப் பார்த்து வைத்தேன்.

மறுநாள் அவளுக்கு முதல் ஆட்டம். கடற்பாசி சூப் வைத்துக் கொடுத்தேன்.

"அக்கா, பரீட்சைக்கு முன்னாடி இதைக் குடிச்சா வழுக்கிடும்னு எங்கம்மா தரவே மாட்டாங்க."

"இது பரீட்சையாடி? பந்து உருண்டாத்தான் நல்லது. குடி."

குடித்தாள். குளியலறையில் வழுக்கி விழுந்து முட்டி ஜவ்வு கிழிந்தது. பியோன் சூப்பைத் திட்டித் தீர்த்தார். விடுதிச் சமையலிலிருந்தே அதை நிறுத்திவிட்டார். பாவம், சூப் என்ன செய்யும்? குளியலறைத் தரையில் நான் தடவியது தலைக்குப் போடும் கண்டிஷனர். முதலில் நல்லெண்ணெய்தான் தடவிப் பார்த்தேன். வாசம் பிடித்து, யார் சோறு பிசைகிறீர்கள் என்று மாடியே இறங்கி வந்துவிட்டது.

ஏ-ராவை ஆஸ்பத்திரியில் நான்தான் பார்த்துக்கொண்டேன். தினமும் தலை அலசிவிட்டேன். பாட்டிலில் மீதி இருந்தது, வீணாக்குவானேன்.

அவளுக்குப் பின் இருவர். ஒருத்திக்குக் கணுக்கால். இன்னொருத்திக்கு இடுப்பு. இடுப்புக்காரி இப்போது தேகு நகரில் கேக் கடை வைத்திருக்கிறாள். என் பிறந்தநாளுக்கு மறக்காமல் கேக் அனுப்புகிறாள். கெட்டா போய்விட்டாள்? பத்திரிகைகள் என்னைத் 'துரதிர்ஷ்ட அணியைத் தாங்கும் தூண்' என்றன. தூணுக்கு யாரும் ஓய்வு கொடுப்பதில்லை.

இந்தக் குளிர்காலத்தில் சாங் தா-சொல் வந்தாள். எந்தப் பக்கமும் பார்க்காமல் பந்தை எறிவாள். அது சரியான கைக்குப் போய்ச் சேரும். முதல் தடவை பார்த்தபோது நானே கை தட்டிவிட்டேன். பேருந்தில் என் தோளில் சாய்ந்துதான் தூங்குவாள். அடுத்த ஆட்டத்தை என் இடத்தில் அவள்தான் தொடங்குவாள் என்று பியோன் அறிவித்தார்.

அன்று பயிற்சிக்குக் கீழ்த்தளம் போகிறோம். பந்துப் பையைத் தூக்கிக்கொண்டு இளையவள் முன்னால் இறங்குவது எங்கள் வழக்கம். தா-சொல் மேல்படியிலேயே நின்றுவிட்டாள்.

"அக்கா, படி பளபளன்னு இருக்கு."

"மெழுகு போட்டிருப்பாங்க. இறங்கு."

"நீங்கதான தேச்சிட்டிருந்தீங்க. நான் பார்த்தேனே."

கோபமாகச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"அக்கா சொல்றேன்ல? இறங்குடி."

மூத்தவள் சொன்னால் எங்களில் யாரும் மறுபேச்சுப் பேசுவதில்லை. பையைத் தோளில் ஏற்றிக்கொண்டு ஒரு காலை எடுத்து வைத்தாள்.

நான் தள்ளினேனா என்று காலையிலிருந்து கேட்கிறீர்கள். கேமராவில் என் முதுகு மட்டும்தான் தெரிகிறதாமே. தள்ளவில்லை. நான் முரட்டு ஆட்டக்காரி இல்லை. யாரை வேண்டுமானாலும் கேளுங்கள். அவள் இடது கையால் கைப்பிடியைப் பிடித்திருந்தாள். அந்தக் கையை எடுத்துவிட்டேன், அவ்வளவுதான். ஒவ்வொரு விரலாக, நோகாமல். அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இனி நடக்க மாட்டாள் என்கிறார் டாக்டர். இருக்கலாம். ஆனால் பந்து பிடிக்கிறவளுக்கு விரல்தானே எல்லாம். அவரையே கேளுங்கள், அந்த விரல்களில் ஒரு கீறலாவது இருக்கிறதா என்று.