எட்டுக் கூவல்

மார்ச் 29

குயில் கடிகாரத்தைப் பழுதுபார்த்ததில் ஒரு சிறு தவறு செய்துவிட்டேன். குயிலுக்குக் குரல் தரும் காற்றுப்பை கிழிந்திருந்தது. புதுக் காகிதம் ஒட்டிச் சோதித்தபோது, உள்ளே இருந்த நெம்புகோலை விரலால் ஒருமுறை தூக்கினேன். குயில் ஒரு மணிநேரம் முந்திக்கொண்டது. அதிலிருந்து முள் ஏழில் நின்றால் அது எட்டு முறை கூவும்.

சுந்தரேசன் பெரியப்பாவின் பார்வையைச் சர்க்கரை நோய் எடுத்துக்கொண்டிருந்தது. நேரத்துக்கு அவர் நம்பியது குயிலைத்தான். இரவு எட்டு கூவியதும் இன்சுலின் போட்டுக்கொள்வார். மாலை வகுப்புள்ள நாட்களில் நான் பஃபலோ ரோட்டில் சப்பாத்தி வாங்கிக்கொண்டு அப்போதுதான் உள்ளே நுழைவேன்.

பழுதுபார்த்த மறுநாள், செவ்வாய்க்கிழமை, நான் வந்தபோது அவர் வியர்த்து நடுங்கிக்கொண்டிருந்தார். பிஸ்கட் டப்பா மடியில் இருந்தது. சர்க்கரை போட்டு மைலோ கலந்து கொடுத்தேன்.

“குயிலு கூவுச்சு, போட்டேன். நீதான் லேட்டு லா, வைஷு,” என்றார். தெம்பு வந்ததும் சிரித்தார். “அடுத்த மாசத்துலேர்ந்து கிளாஸ் வேணாம். சர்ட்டிபிகேட் வாங்கி குயிலுக்கு வைத்தியமா பாக்கப் போற? ராத்திரில எனக்கு யாரு இருக்கா?”

அடுத்த மாதம் எனக்குத் தேர்வு.

கூவல் தவறு என்று நான் சொல்லவில்லை. உறுதியாகத் தெரியாமல் ஒன்றைச் சொல்வது என் வழக்கமல்ல. புதன்கிழமை வகுப்பு இல்லை. குயில் கூவியது, ஊசி போட்டார், உடனே சோறு வைத்தேன். ஒன்றும் ஆகவில்லை. அதோடு எனக்குத் தெளிவாகிவிட்டது.

வியாழக்கிழமை புறப்படுமுன், எறும்பு வருகிறதென்று பிஸ்கட் டப்பாவை அலமாரியின் மேல்தட்டில் வைத்தேன். சர்க்கரையையும் வைத்தேன். வகுப்பில் கைபேசியை அணைப்பது விதி. பிறகு அதை இயக்க நினைவு வரவில்லை. ஒரு நிறுத்தம் முன்பே, டோபி காட்டில், ரயிலிலிருந்து இறங்கி மீதித் தூரம் நடந்தேன். காற்று நன்றாக இருந்தது.

அவர் சமையலறைத் தரையில் கிடந்தார். ஒரு கை அலமாரியின் கீழ்த்தட்டுக்குள் நீண்டிருந்தது.

அளவு தவறிப் போட்டிருப்பார், பாவம், என்றார்கள் வந்தவர்கள்.

இப்போதும் ஏழு மணிக்குக் குயில் எட்டு முறை கூவுகிறது. கூவி முடிந்ததும் அவர் அறையில் இன்சுலின் பேனாவின் மூடி கழலும் சத்தம் கேட்கிறது. கதவைத் திறந்தால் கட்டில் மட்டும்தான். பிறகு சமையலறையில் அலமாரித் தட்டுகளைத் தடவும் சத்தம்.

இன்று டப்பாவைக் கீழே இறக்கி, பழைய இடத்தில் வைத்தேன். அங்கே எறும்பு இல்லை. அன்றும் இருக்கவில்லை.

நாளை: வகுப்புக்குக் கிளம்புமுன் குயிலையும் முள்ளையும் ஒன்றாக்க வேண்டும்.